காரணம் கூறாத குறை

செட்டியார்பட்டியில் நம்மிடம் ஓதிய பிள்ளைகளுள் ஒருவர், இன்று நாற்பதை நெருங்குபவர், அண்டையிலுள்ள தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கூடமொன்றில் தையல் வேலை பார்க்கிறார். திரைப்படம் என்றால் அவருக்கு உயிர். இராசபாளையத்துக்குப் பஸ் ஏறிப்போய் இரவுக் காட்சி பார்த்துத் திரும்புவார். மறுநாள் தையல் இயந்திரத்தின் முன் அமர்வதற்குள் அப்படத்தைப் பற்றி நான்கு வரியேனும் ஒரு கோடிட்ட நோட்டில் எழுதி வைத்துவிடுவார். 2024ஆம் ஆண்டுக்குரிய நோட்டை ஒரு நாள் அஸருக்குப் பின் நம்மிடம் கொண்டுவந்தார். "ஹஜ்ரத், தப்பா நினைக்காதீங்க. எழுத்து எப்படி இருக்குன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்று தயங்கித் தயங்கி நீட்டினார்.

தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. 1999ஆம் ஆண்டில், மக்ரிபுக்குப் பின் ஓத வராமல் மச்சான்முறைப் பையன் ஒருவனோடு படம் பார்க்கப் போன குற்றத்துக்காக, இதே பிள்ளையை மறுநாள் அத்தனை பேருக்கும் முன்னால் நிறுத்திப் பிரம்பை எடுத்தவர் நாம். எந்தப் படம் என்று கேட்டோமில்லை. அதில் என்ன கண்டாய் என்றும் கேட்டோமில்லை. படம் என்ற ஒரு சொல்லே அன்று நமக்குப் போதுமாயிருந்தது.

நோட்டைப் பிரித்தோம். ஒவ்வொரு படத்தின் பெயருக்கு எதிரேயும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். இது நம் நாட்டு ரசிகருக்குப் பழகிய வழக்கந்தான். ஆனந்த விகடன் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு வந்ததும், 1977இல் வந்த '16 வயதினிலே' 62.5 பெற்றதும் படம் பார்க்கும் பழையவர்கள் இன்றும் பேசும் செய்தி. ஆயின் நம் நண்பரின் நோட்டில் மதிப்பெண் இருக்குமளவு காரணம் இல்லை. 'அருமை', 'சுமார்', 'தேறாது', 'காசு போச்சு' என்ற வகையிலேயே பல பக்கங்கள் ஓடின. அதைப் படிக்கையில் நமக்கு மத்ரஸாவில் ஓதிய பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது.

ஹதீதுக் கலையில் ஜர்ஹு, தஃதீல் என்று இரண்டு சொற்கள் உண்டு. அறிவிப்பாளர் ஒருவரைக் குறை கூறித் தள்ளுவது ஜர்ஹு. நேர்மையாளர் எனச் சான்று பகர்ந்து ஏற்பது தஃதீல். ஹிஜ்ரி 643இல் (1245) மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் அவர்கள் இதற்கு ஒரு விதி வகுத்துள்ளார்கள். ஒருவரை நல்லவர் என்றால் காரணம் கேளாமல் ஏற்கலாம். குறையுடையவர் என்றாலோ காரணம் விளக்கப்பட்டாலன்றி ஏற்கலாகாது. நன்மைக்குக் காரணங்கள் எண்ணில் அடங்கா. குறைக்கோ ஒன்றே போதும். ஆனால் எது குறை என்பதில் மனிதருக்கு மனிதர் கருத்து மாறும். இதற்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சியையும் காட்டுவார்கள். பெரும் ஹதீது அறிஞரான ஷுஃபா அவர்கள் ஒருவரை ஏற்காமல் விட்டார்களாம். ஏன் என்று கேட்டபோது, அவர் ஒரு மட்டக்குதிரையை விரட்டிக்கொண்டு போனதைக் கண்டதுதான் காரணம் என்றார்களாம். கேட்டதனால் அன்றோ அந்தக் காரணத்தின் எடை வெளியே தெரிந்தது!

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நோட்டை மீண்டும் படித்தோம். குறிப்பாகச் சில படங்களை நண்பரின் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே அமர்ந்து பார்க்கவும் செய்தோம். ஐம்பது வயதைக் கடந்த நமக்கு இது புதுப் படிப்பு. வாசக நேயர்கள் முகம் சுளிக்கவேண்டா.

ஆண்டின் முற்பகுதி தமிழ்ப் படங்களுக்கு வறட்சிக் காலம். திரையரங்குகளை நிறைத்தவை, பிப்ரவரியில் வந்த மலையாளப் படமாகிய 'மஞ்சும்மெல் பாய்ஸ்', ஏப்ரலில் மறுபடியும் வெளியிடப்பட்ட 2004ஆம் ஆண்டின் 'கில்லி' ஆகியவை. இவ்விரண்டையும் நம் நண்பர் இரண்டிரண்டு முறை பார்த்திருக்கிறார். பெரிய நடிகர்களின் பெருஞ்செலவுப் படங்களைப் பற்றி அவர் எழுதியவற்றுள் நம்மைச் சிரிக்க வைத்தது நவம்பரில் வந்த 'கங்குவா'வுக்குரிய குறிப்பு. "காதுவலி. 3." அவ்வளவே. பார்க்கப் போனால் இஃதொரு முழுமையான ஜர்ஹு. குறையும் உண்டு, காரணமும் உண்டு. அப்படத்தின் ஒலியளவைக் குறைத்து ஓட்டுமாறு தயாரித்தவர்களே திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டதால், சாட்சியும் உண்டு.

நோட்டிலேயே சிறந்த பக்கம் செப்டம்பரில் வெளியான 'லப்பர் பந்து'வைப் பற்றியது. தமிழரசன் பச்சமுத்து இயக்கியது; ஊர்ப்புறங்களில் ஞாயிறுதோறும் நடக்கும் ரப்பர் பந்து கிரிக்கெட்டைக் கதைக்களமாகக் கொண்டது. ஏனையவற்றுக்கு நான்கு வரி எழுதியவர் இதற்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார். நன்றாக ஆடும் ஒருவனைச் சாதியின் பொருட்டு ஒரு குழு சேர்த்துக்கொள்ளாமல் தள்ளிவைப்பதையும், வயது கடந்த ஆட்டக்காரன் மட்டையைக் கீழே வைக்க மனமின்றி வீட்டிலே படும் பாட்டையும், தாமும் பந்தடித்தவர் என்ற உரிமையோடு விவரித்திருக்கிறார். இங்கே 'அருமை' என்ற சொல்லே இல்லை. அறிந்த பொருளைப் பற்றி எழுதும்போது மனிதனுக்கு அடைமொழி தேவைப்படுவதில்லை போலும்.

இனி நம் சமுதாயத்தார் விரும்பிக் கேட்கும் இடத்துக்கு வருவோம். அவ்வாண்டு பிப்ரவரியில் ஐஸ்வர்யா ரஜினிகாந்த் இயக்கிய 'லால் சலாம்' வந்தது. ரஜினிகாந்த் அதில் மொய்தீன் பாயாக வருகிறார். ஊர்த் திருவிழாவும் மதப்பகையும் மோதுமிடத்தில் இணக்கம் பேசும் பெரியவர் அவர். நம்மவர் பலர் மகிழ்ந்தனர். நம் நண்பரோ 4 மதிப்பெண்ணே இட்டு, "மொய்தீன் பாய் நல்லவர். ஆனா நம்ம தெருவுல அப்படி யாரும் நடக்கலை" என்று எழுதியிருக்கிறார். இந்த ஒரு வரிக்காக நோட்டு முழுவதையும் படிக்கலாம். தீயவனாக மட்டுமே வந்துகொண்டிருந்த முஸ்லிம், நல்லவனாக மட்டுமே வருவது ஒரு மாற்றந்தான். ஆனால் கடன் வாங்குகிற, மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிற, மைத்துனனோடு சண்டை போட்டுவிட்டு நோன்புப் பெருநாளன்று பேச்சைத் தொடங்குகிற முஸ்லிமை அங்கேயும் காணோம். நல்லெண்ணம் வேறு, கண்டறிதல் வேறு.

தீபாவளிக்கு வந்த 'அமரன்', 2014இல் காஷ்மீரின் சோபியான் பகுதியில் உயிரீந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கையைச் சொல்வது. ராஜ்குமார் பெரியசாமி இயக்கம். நண்பர் 8 கொடுத்து, "சாய் பல்லவிக்காக" என்று காரணமும் குறித்திருக்கிறார். நாமும் ஒப்புகிறோம். காத்திருக்கும் மனைவியின் வீட்டைக் காட்டுகையில் படம் உயிர் பெறுகிறது. ஒரு தொலைபேசி மணிக்கு உள்ளம் நடுங்குவதை அந்த அம்மை கண்களாலேயே சொல்லிவிடுகிறார். பள்ளத்தாக்கின் மக்களுக்கு அத்தகைய வீடு படத்தில் வாய்க்கவில்லை. பெரும்பாலும் கூட்டமாகவும் ஐயத்துக்குரிய முகங்களாகவும் கடந்து போகிறார்கள். இது நம் குறை. இதற்கு இதுவே காரணம். இப்படிச் சொல்ல எவருக்கும் உரிமையுண்டு. அப்படத்தைக் கண்டித்து ஆர்ப்பாட்டம் செய்தவர்களுக்கும் அவ்வுரிமை உண்டு. ஆனால் 2024 நவம்பரில் மேலப்பாளையத்தில் அப்படம் ஓடிய திரையரங்கின் மீது பெட்ரோல் குண்டு வீசப்பட்டதே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? வாயால் காரணம் சொல்லத் தெரியாதவனின் ஜர்ஹு அது. வீசியவர் எவராயினும், ஒரு படத்துக்கு மறுமொழி சொல்லும் தகுதியை அந்த நொடியிலேயே இழந்தார்.

நமக்கும் நண்பருக்கும் பெரிய வழக்கு ஏற்பட்டது ஆகஸ்டு 23இல். அன்று ஒரே நாளில் இரண்டு படங்கள் வெளிவந்தன. ஒன்று மாரி செல்வராஜின் 'வாழை'; மற்றொன்று பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. நோட்டில் முன்னதற்கு 9; "அழுதேன்" என்று ஒரே சொல். பின்னதற்கு 2, "பாட்டு இல்லை, பேச்சு இல்லை, முடிவும் இல்லை."

'வாழை'க்கு அவர் அழுததில் வியப்பில்லை. வாழைத்தார் சுமக்கும் சிறுவனின் கதை. இயக்குநரின் சொந்த இளமையிலிருந்து எழுந்தது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்குமிடங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கென்பார். தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்பதில் வறுமை இருக்கிறது. பசிக்குப் பழம் எடுத்த பிள்ளை அடிபடுவதில் இளிவு இருக்கிறது. சுமந்து சுமந்து கழுத்து ஓயும் அசைவு படம் நெடுகிலும் உண்டு. லாரி கவிழும் இடத்தில் இழவு. நான்கும் ஒருங்கே வந்து அடிக்கையில் கல்லும் கரையும். ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். இறுதியில் இசையும் காட்சியும் சேர்ந்து நம்மை அழுதே தீரவேண்டும் என்று நெருக்குகின்றன. நாம் தாமாக அழுதிருப்போம்.

'கொட்டுக்காளி'யோ எதையும் நெருக்குவதில்லை. மீனா என்ற பெண், தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவனை விரும்பியதைப் பேய் பிடித்ததாகக் கருதி, முறைமாப்பிள்ளை பாண்டியும் உறவினரும் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சாமியாடி ஒருவனிடம் போகிறார்கள். படம் அந்தப் பயணம் மட்டுமே. பின்னணி இசை அறவே இல்லை. மீனா வாய் திறப்பது ஓரிடத்தில்தான். பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது; அதிகாரம் முழுவதும் அந்தக் கரகரத்த குரலிலேயே வெளிப்படுகிறது.

"இதில் என்ன கண்டீர், தம்பி?" என்று கேட்டோம். "ஒண்ணுமில்லை ஹஜ்ரத்" என்றார். சற்றுப் பொறுத்து அவரே தொடங்கினார். "வழியில ஒரு காளை ரோட்டை மறிச்சு நிக்கும். இத்தனை ஆம்பிளைங்களும் கிட்டப் போகப் பயந்து நிப்பாங்க. ஒரு சின்னப் பிள்ளை வந்து சாதாரணமா அதைக் கூட்டிட்டுப் போயிரும்." பிறகு, எங்கோ ஒலிபெருக்கியில் கேட்கும் பாட்டுக்கு மீனா உதடசைத்ததற்காகப் பாண்டி வெறிகொண்டு அடிப்பதைச் சொன்னார், காலில் கயிறு கட்டிய சேவலைச் சொன்னார். ஒன்றையும் அவர் தவறவிடவில்லை! பார்த்தவற்றை விட்டுவிட்டு, பார்க்கக் கிடைக்காததற்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்.

முடிவு இல்லை என்றாரே, அதையும் ஆய்ந்தோம். சாமியாடி இன்னொரு பெண்ணிடம் நடந்துகொள்ளும் முறையைப் பாண்டி பார்க்கிறான். இனி அவன் என்ன செய்வான் என்பதைச் சொல்லாமலே படம் நின்றுவிடுகிறது. ஹிஜ்ரி 471இல் (1078) மறைந்த அப்துல் காஹிர் ஜுர்ஜானீ அவர்கள் பலாகத்துக் கலையில் 'ஹத்ஃபு' என்று ஒன்றைப் பேசுகிறார்கள். சொல்லவேண்டியதைச் சொல்லாது விடுவதே சிலபோது சொல்வதினும் தெளிவாகப் பேசும் என்றும், அது மந்திரம் போன்றது என்றும் வியக்கிறார்கள். நம் தொல்காப்பியரும் செய்யுளியலில் 'எச்சம்' என்பதைச் செய்யுள் உறுப்பாகவே எண்ணியிருக்கிறார். கேட்போன் தன் உள்ளத்தால் முடித்துக்கொள்ளட்டும் என்று விடப்படுவது எச்சம். அரபும் தமிழும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. வினோத்ராஜ் இவ்விரண்டில் எதையேனும் படித்தாரோ இல்லையோ, கலை அறிந்திருக்கிறார்.

மீனாவின் மௌனம் நம்மை வேறோர் இடத்திலும் தைத்தது. கன்னிப் பெண்ணிடம் நிகாஹுக்கு இசைவு கேட்கையில் அவள் மௌனம் சம்மதம் என்று ஓதியும் ஓதிக்கொடுத்தும் வந்தவர் நாம். வெட்கத்தால் வரும் மௌனத்துக்கே அச்சட்டம் என்பதும், அவள் அழுகையின் தன்மை கொண்டு மறுப்பை அறியவேண்டும் என்பதும் ஃபிக்ஹு நூல்களில் நுணுக்கமாகப் பேசப்பட்டுள்ளன. ஆனால் திரைக்குப் பின்னாலிருந்து மௌனம் வந்ததும் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறோமே தவிர, அது எவ்வகை மௌனம் என்று எத்தனை நிகாஹில் நின்று கேட்டோம்? படம் முடிந்தும் நெடுநேரம் நாம் எழுந்திருக்கவில்லை.

ஜூனில் வந்த 'மகாராஜா'வைப் பற்றியும் சிறிது. நித்திலன் சாமிநாதன் இயக்கியது, விஜய் சேதுபதிக்கு ஐம்பதாவது படம், சீனத்திலும் வெளியிடப்பட்டது. நண்பர் 9 கொடுத்திருக்கிறார். சொல்லிலும் பொருளிலும் அன்று, அவற்றைக் கோக்கும் 'நழ்மு' என்ற ஒழுங்கிலேயே சிறப்பு உள்ளது என்பது ஜுர்ஜானீ அவர்களின் கொள்கை. நிகழ்ந்த வரிசையில் சொல்லியிருந்தால் இதுவும் ஒரு பழிவாங்கும் கதையே. காலத்தை முன்னும் பின்னுமாகக் கோத்ததனால் நிமிர்ந்து உட்கார வைக்கிறது. அதை மெச்சுகிறோம். எனினும் ஒரு பெண்பிள்ளைக்கு நேர்ந்த கொடுமையை ஒளித்து வைத்து, திடுக்கிட வைப்பதற்காக உரிய நேரத்தில் எடுத்து நீட்டுவது, கோவையின் திறமா அல்லது கல்மனமா? நண்பர் திறம் என்கிறார். நாம் ஒப்பவில்லை. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கையில், 'கொட்டுக்காளி'க்கு நேரே இருந்த 2ஐ மாற்றுவீரா என்று கேட்டோம். "மாத்த மாட்டேன் ஹஜ்ரத். அன்னைக்கு எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. பக்கத்துல காரணத்தை எழுதி வச்சுக்கிறேன்" என்றார். அதுவும் சரியே. பிறகு நாம், கேட்க வேண்டிய காலத்தில் கேளாத கேள்வியைக் கேட்டோம். அன்று அடி வாங்கினாரே, அது எந்தப் படம்?

"படையப்பா, ஹஜ்ரத்."

"அதில் என்ன கண்டீர்?"

அவர் சிரித்தார். "பாதிதான் கண்டேன். நீங்க தேடுவீங்கன்னு பயந்து இடைவேளையிலேயே எந்திரிச்சு ஓடி வந்துட்டேன். மிச்சக் கதை என்னன்னு ரொம்ப நாள் தெரியாது."