தாயக்கட்டை கணிதம் கற்பிக்குமா?

விளையாட்டின் மூலம் கணிதம் கற்பிக்க வேண்டும் என்பது இன்று பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை, 2007-இல் தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் ஆடல், பாடல், விளையாட்டுகளுக்கு இடமளித்தது. பிரம்புக்கு அஞ்சி வாய்ப்பாடு ஒப்பித்த காலத்தோடு ஒப்பிட்டால், இது வரவேற்க வேண்டிய மாற்றமே. ஆயினும், ஆடினால் மட்டும் கணிதம் வந்துவிடுமா?

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூரில் ஒரு திண்ணையில் இரு சிறுவர்கள் தாயம் ஆடுவதாகக் கொள்வோம். கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு முகம் வெறுமை. மற்ற மூன்றில் 1, 2, 3 புள்ளிகள். சீரான கட்டைகளை உருட்டினால் அவை 4 × 4 = 16 வகைகளில் விழலாம். மூன்று விழ 4 வழிகள் உண்டு. தாயம், அதாவது ஒன்று, விழ 2 வழிகளே. ஐந்துக்கும் 2 வழிகள். ஆறுக்கு ஒரே வழி. இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கும் அப்படியே.

பல ஊர்களில் 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடியும் உருட்டலாம். இவற்றுக்குரிய வழிகள் மொத்தம் 6. மறு ஆட்டம் தராத 2, 3, 4-க்கோ 10. அரிதாக விழுவதற்கே பரிசு! நிகழ்தகவு என்னும் பாடம் இந்த விதிக்குள் ஒளிந்திருக்கிறது. ஆனால் ஆயுள் முழுதும் தாயம் ஆடியவர்களுள் எத்தனை பேர் இதை எண்ணிப் பார்த்திருப்பார்கள்? கட்டை கணக்கைச் சொல்வதில்லை, "ஏன் தாயம் எளிதில் விழுவதில்லை?" என்ற கேள்விதான் சொல்ல வைக்கிறது.

அமெரிக்க உளவியலறிஞர்கள் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே கருதத்தக்கது. 1 முதல் 10 வரை வரிசையாக எண்கள் எழுதிய பலகையில் காய் நகர்த்தி ஆடிய சிறு குழந்தைகள் எண்ணறிவில் முன்னேறினர். அதே ஆட்டத்தை எண்களுக்குப் பதில் வண்ணங்கள் கொண்ட பலகையில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ஆட்டத்தின் மகிழ்ச்சி மட்டும் போதாது. கணிதம் ஆட்டத்தின் உள்ளேயே இருக்க வேண்டும் என்பது தெளிவு.

இன்னொரு குறையும் உண்டு. குழுவாக ஆடும்போது விரைவாகக் கூட்டத் தெரிந்த பிள்ளையே எல்லோருக்கும் கூட்டிச் சொல்லிவிடும். தடுமாறும் பிள்ளை காயை மட்டும் நகர்த்தும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வகுப்பு கலகலப்பாகத் தெரியும். யாருக்காக இந்த முறை வந்ததோ, அந்தப் பிள்ளைக்கோ ஒன்றும் கிடைத்திராது.

எனவே ஆட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆட்டம் முடிந்தபின் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஒவ்வொரு பிள்ளையும் தன் குறிப்பேட்டில் விழுந்த எண்களைப் பட்டியலிட்டுக் காரணம் தேடட்டும்.

மாணவ நண்பர்களே, நீங்களே 160 முறை உருட்டிக் குறித்துப் பாருங்கள். மூன்று ஏறக்குறைய 40 முறையும், தாயம் ஏறக்குறைய 20 முறையும் விழ வேண்டும். அப்படி விழாவிட்டால் ஏன் என்று கேளுங்கள். கணிதம் அங்கேதான் தொடங்குகிறது.