எந்த ஊர்க் கோபுரம்?

உங்கள் ரேஷன் கார்டை எடுத்து, அதிலிருக்கும் தமிழக அரசு முத்திரையைப் பாருங்கள். அந்தக் கோபுரம் எந்த ஊர்?

சங்கரன்கோவில் பக்கம் கேட்டால் யோசிக்காமல் 'ஸ்ரீவில்லிபுத்தூர்' என்பார்கள். ராஜபாளையம் தாண்டினால் வந்துவிடும் பதினோரு நிலைக் கோபுரம். அண்டை வீட்டுப் பாசம். பொது அறிவுப் புத்தகங்களும் அதையே சொல்லிக் கொடுத்து, பரீட்சையில் மார்க்கும் வாங்கித் தந்திருக்கின்றன. ஆனால் 1949-ல் அதை வரைந்த ஓவியர் ஆர்.கிருஷ்ண ராவ் மதுரைக்காரர். மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தைத்தான் மாதிரியாக வைத்துக்கொண்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். வரைந்தவர் பேச்சை நம்பாமல் வேறு யார் பேச்சை நம்புவது?

இதில் முத்திரையின் குற்றமும் இருக்கிறது. கோபுரம், முன்னால் அசோகச் சிங்கங்கள், இரண்டு பக்கமும் தேசியக் கொடி, சுற்றி எழுத்து என்று ஏக நெரிசல். ரப்பர் ஸ்டாம்ப் அளவுக்குச் சுருக்கி, மை கொஞ்சம் கூடிவிட்டால் தாசில்தார் ஆபீஸில் அது வெறும் முக்கோணம். சங்கரன்கோவிலின் ஒன்பது நிலைக் கோபுரம்தான் அது என்று யாராவது அடித்துச் சொன்னால்கூட மறுக்க முடியாது.

1976-ல் மில்டன் கிளேசர் நியூயார்க்கில் டாக்ஸியில் போகும்போது, ஒரு கவர்மேல் சிவப்பு கிரேயானால் மூன்று எழுத்தும் ஒரு இதயமும் கிறுக்கினார். ஒரு நகரத்தையே டி-ஷர்ட்டில் ஏற்றிய லோகோ அது. எந்தக் கட்டடமும் இல்லாததால் எந்தத் தெருக்காரனும் சண்டைக்கு வரவில்லை.

அந்தச் சிக்கனம் நமக்குத் தெரியாதா என்ன? சங்கரன்கோவிலில் உள்ளே போய்ப் பாருங்கள். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கனும் பதுமனும் சண்டை போட, ஒரே உருவத்தில் பாதி ஜடாமுடி, பாதி கிரீடமாகச் சங்கரநாராயணர். என்னைக் கேட்டால் தென் தமிழ்நாட்டின் முதல்தர லோகோ அதுதான். அந்த உருவம் சண்டையைத் தீர்த்தது; நம் முத்திரை இரண்டு ஊருக்குச் சண்டை மூட்டியது!

ஆனாலும் கிருஷ்ண ராவின் கோபுரம் லேசுப்பட்டதல்ல. மதராஸ் மாகாணம் 1953-லும் 1956-லும் பிரிந்து, 1969-ல் தமிழ்நாடு என்று பெயரும் மாறியது. கோபுரம் அசையவில்லை.

கிளேசரின் அந்தக் கிழிந்த கவர் இன்று நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. நம் ஓவியர் பெயரைச் சொல்லச் சொல்லிப் பக்கத்து சீட்காரரைக் கேட்டுப் பாருங்களேன்.