இலவசமும் இசைவும்: ஜொகூர்த் தமிழ் மாணவரும் திறந்தநிலைக் கல்வி வளங்களும்

முன்னுரை

‘திறந்தநிலைக் கல்வி வளங்கள்’ என்னும் தொடர் 2002ஆம் ஆண்டு யுனெஸ்கோ பாரிசில் நடத்திய கருத்தரங்கில் உருப்பெற்றது. தமிழுலகம் அதற்கு முன்னரே இத்துறையில் அடியெடுத்து வைத்தது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. ஊதியம் கருதாத தன்னார்வலர் பலர் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து, இணையத்தில் ஏற்றினர். இச்செல்வம் ஜொகூரில் பயிலும் தமிழ் மாணவருக்கு எவ்வளவு பயன்படுகின்றது என்பதே இங்கு எழும் வினா.

இரவல் நூலும் திறந்த நூலும்

நம் நாட்டில் பாடநூல் இரவல் திட்டம் 1975இல் தொடங்கி, 2008 முதல் பெற்றோரின் வருமானத்தைக் கருதாமல் எல்லா மாணவர்க்கும் விரிவாக்கப்பட்டது. இது பெற்றோரின் சுமையைக் குறைத்த நற்பணி என்பதில் ஐயமில்லை. எனினும், இரவல் நூல் திருப்பித் தரப்படவேண்டியது. ஆசிரியர் அதன் ஒரு பாடத்தைத் திருத்தி வெளியிடவும் இயலாது. இலவசம் விலையைப் பற்றியது. திறந்தநிலையோ உரிமையைப் பற்றியது. படியெடுக்கவும் திருத்தவும் மொழிபெயர்க்கவும் முன்கூட்டியே வழங்கப்படும் இசைவே அதன் உயிர்நாடி.

இவ்வளவுகோலின்படி மதுரைத் திட்டத்தையும் நோக்குதல் தகும். முகப்புக் குறிப்பை நீக்காமல் எவரும் கோப்புகளைப் பரப்பலாம் என்று அது இசைவளிக்கின்றது. மாற்றியமைப்பது பற்றி அவ்வரி பேசவில்லை. பழைய நூல்களின் மூலம் எல்லார்க்கும் பொதுவாகையால் இது பெருங்குறையன்று. உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது.

மூலமும் உரையும்

சிகாமட்டிலோ குளுவாங்கிலோ எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் இலக்கியம் பயிலும் மாணவரை எண்ணிப் பார்ப்போம். திருக்குறள் மூலமும் பரிமேலழகர் உரையும் அவருக்குத் தடையின்றிக் கிடைக்கின்றன. ஆனால், பதினேழு வயது மாணவருக்குப் பரிமேலழகர் உரைக்கே ஓர் உரை வேண்டும். செம்பனைத் தோட்டங்களை நாளும் காண்பவருக்கு முல்லை நிலத்தை விளக்க உள்ளூர் எடுத்துக்காட்டும், சில இடங்களில் மலாய்ச் சொல்விளக்கமும் தேவைப்படும். இவற்றை எழுத வல்லவர் இங்குள்ள ஆசிரியரே. அவர்கள் எழுதியும் வருகின்றனர். ஆயினும், நான் கண்ட பயிற்சித் தொகுப்புகள் பலவற்றில் எழுதியவர் பெயருமில்லை, இசைவு வரியுமில்லை. அவற்றில் பிழை கண்டவர் திருத்தி வெளியிடலாமா என்று அறிய வழியில்லை.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதப்பட்ட படைப்பு பதிவின்றியே பாதுகாப்புப் பெறுகின்றது. அது ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரை நீடிக்கின்றது. எனவே, உரிமை பற்றி மௌனம் காக்கும் தொகுப்பு, கைக்குக் கைமாறினும், சட்டத்தின் முன் மூடிய நூலேயாகும். மேலும், பணியின் பொருட்டு எழுதப்பட்டவற்றின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, பணியமர்த்தியவரைச் சேரும். ஆகவே, ஆசிரியரின் தனிப்பட்ட நல்லெண்ணம் மட்டும் போதாது. நிறுவனத்தின் முடிவும் வேண்டும்.

திறந்தநிலை உள்ளூர்ப் பதிப்பாளரை நலிவுறச் செய்யும் என்பாரும் உளர். அவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், இசைவு வரியில் வணிகப் பயன்பாட்டை விலக்கவும் அனுமதிக்கவும் வழியுண்டு. திறந்த நூலை அச்சிட்டு விற்கப் பதிப்பாளருக்கே இடமளிக்கலாம்.

முடிவுரை

மதுரைத் திட்டத்தார் மூலநூல்களைத் தந்தனர். அவற்றை நம் மாணவர்க்கு விளங்கும் பாடமாக்கும் கடன் நம்முடையது. தமிழ் கற்பிக்கும் பல்கலைக்கழகத் துறைகள் தத்தம் விரிவுரைக் குறிப்புகளிலிருந்தே இதனைத் தொடங்கலாம். எழுதியவர் பெயர், ஆண்டு, எடுத்தாளவும் திருத்தவும் இசைவு ஆகிய மூன்றும் முதற்பக்கத்தில் இடம்பெற்றால், சிகாமட் ஆசிரியர் ஒருவர் திருத்திய பாடம் குளுவாங் மாணவருக்கும் உரியதாகும்.