டஸ்ட் 2-இன் சந்துபொந்துகள்: பழைய ஷூட்டிங் கேம்களை எப்படி ரசிப்பது?

திருவொற்றியூரில் இன்று முப்பத்தைந்து, நாற்பது வயதில் இருக்கும் பலருக்குச் சொந்த ஊரோடு இன்னோர் ஊரும் அத்துப்படி. மண் நிறச் சுவர்கள், அடுக்கி வைத்த மரப்பெட்டிகள், ஒரு நீளமான சந்து, ஓர் இருட்டு டனல், நட்டநடுவில் லேசாகத் திறந்து கிடக்கும் இரட்டைக் கதவு. பெயர் டஸ்ட் 2. டேவ் ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாட்டுக்காக உருவாக்கி, 2001-இல் வெளிவந்த மேப் அது. தேரடியிலும் காலடிப்பேட்டையிலும் பிரவுசிங் சென்டர்கள் நிறைந்திருந்த காலத்தில், மணிக்கு 20 ரூபாய் கொடுத்து அந்த ஊருக்குள் போய் வந்தவர்கள் ஏராளம். எந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒளியலாம், எந்தக் கதவிடுக்கில் தலை தெரியும் என்று இன்றைக்குக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வார்கள்.

இருபது வருடத்துக்கும் மேல் பழையதாகிவிட்ட, முகங்கள்கூடச் சரியாகத் தெரியாத ஒரு கேமில் அப்படி என்ன இருக்கிறது? இந்த வகைக்கு ஃபர்ஸ்ட் பர்சன் ஷூட்டர் என்று பெயர். திரையில் துப்பாக்கி பிடித்த கை மட்டும் தெரியும். பார்க்கிற கண் நம்முடையது. பெயரிலேயே ஷூட்டர் இருப்பதால் சுடுவதுதான் எல்லாம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். நல்ல பழைய கேம்களில் சுடுவது கடைசி அரை நொடி வேலை. அதற்கு முன்னால் இடத்தைப் படிக்க வேண்டும், காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ருசி முழுக்க அங்கேதான் இருக்கிறது.

புதிதாக வருபவர்கள் டூமில் தொடங்குங்கள். அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் 1993 டிசம்பர் 10-இல் வெளியிட்ட கேம். முதல் பாகத்தை இலவசமாகக் கொடுத்து, பிடித்திருந்தால் மீதியைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். புரோகிராமின் மூளை ஜான் கார்மக். முதல் பாகத்தின் பெரும்பாலான லெவல்கள் ஜான் ரொமேரோ கைவண்ணம். முதல் லெவலுக்குள் நுழைந்ததும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஜன்னல் வழியாக வெளியே பாருங்கள். திறந்தவெளி முற்றம் ஒன்றில் நீல நிறக் கவசம் கிடக்கும். கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டாது. கதவு திறந்து, படியேறி, பச்சைத் திரவம் தேங்கிய அறையில் வளைந்து வளைந்து போகும் பாதையைக் கடந்து, லெவல் முடியப்போகும் சமயத்தில் சுவரில் ஒளிந்திருக்கும் ஒரு வழி கிடைக்கும். அது உங்களை நேராக அந்த முற்றத்தில் கொண்டுபோய் விடும். முதலில் காட்டிவிட்டு, பிறகு தேட வைத்து, அப்புறம் அழைத்துப்போவது ரொமேரோவின் பாணி. வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருட்டு, தாழ்வான தரைக்குப் பக்கத்தில் மேடு, திரும்பி வரும்போது அடையாளம் தெரிகிற மாதிரி ஒரு தூண் அல்லது குளம். இவற்றைக் கவனிக்கத் தொடங்கினால் ஒரு லெவலைக் கட்டியவரின் மனம் தெரிய ஆரம்பிக்கும்.

அடுத்தது கால். டூமின் இம்ப் என்ற பழுப்பு நிறப் பிசாசு எறிகிற நெருப்புப் பந்து, கண்ணால் பார்த்து விலகக்கூடிய வேகத்தில்தான் வரும். நம் ஓட்டம் அந்தப் பந்தைவிட வேகம். அதனால் டூமில் நின்று சுடுபவர் சாவார், பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே சுடுபவர் பிழைப்பார். ஒரு வகைப் பிசாசு எறிந்தது வேறு வகையின் மேல் பட்டுவிட்டால் இரண்டும் தங்களுக்குள் அடித்துக்கொள்ளும். கையில் குண்டு தீர்ந்துபோன நேரத்தில் இரண்டு கூட்டத்துக்கு நடுவே ஓடி, ஒன்றை இன்னொன்றோடு கோத்துவிட்டு, ஓரமாக நின்று பார்க்கிற சுகத்தை அனுபவித்தால்தான் தெரியும். ஐந்து கடின நிலைகளில் மூன்றாவதை எடுங்கள். முதல் இரண்டில் இந்தக் கால் வேலைக்குத் தேவையே வராது.

1996-இல் வந்த குவேக் மேலே, கீழே, எல்லாப் பக்கமும் பார்க்க முடிகிற முழு முப்பரிமாண உலகத்தைக் கொண்டுவந்தது. இடது கை கீபோர்டிலும் வலது கை மவுஸிலும் என்ற பழக்கம் வேரூன்றியதும் அந்தக் காலத்தில்தான். 1997-இல் நடந்த குவேக் போட்டியில் வென்ற டென்னிஸ் ஃபாங்குக்கு ஜான் கார்மக் தன் சொந்த ஃபெராரி காரையே பரிசாகக் கொடுத்தார். குவேக்கையும் ஒருமுறை ஆடிப்பாருங்கள், ஆனால் நெஞ்சில் நிற்பது டூம்தான் என்பது என் கருத்து.

இனி நம்ம ஊருக்கு வருவோம். வடசென்னையில் இந்த கேம்கள் பரவியதற்கு வழி சுலபமாக இருந்தது. ரிச்சி தெருவில் பார்ட்ஸ் வாங்கிக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வார்கள். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரில் சிடி கிடைக்கும். அப்படித்தான் பல வீடுகளுக்கு புராஜெக்ட் ஐ.ஜி.ஐ. வந்தது. நார்வேயின் இன்னர்லூப் ஸ்டுடியோஸ் உருவாக்கி 2000 டிசம்பரில் வெளிவந்த கேம். மிஷன்கள் மொத்தம் 14. நடுவில் சேவ் செய்ய முடியாது. அரை மணி நேரம் ஊர்ந்து, முள்வேலியைக் கடந்து, கேமராவை ஏமாற்றி, கடைசி அறையில் செத்தால் மறுபடி முதலிலிருந்து. விமான கேமுக்காக எழுதிய இன்ஜின் என்பதால் மலையும் வெளியும் கண்ணுக்கெட்டிய தூரம் விரியும். ஐ.ஜி.ஐ.யை ரசிக்க வேண்டுமானால் முதல் ஐந்து நிமிடம் ஒரு குண்டும் சுடாதீர்கள். மேட்டில் படுத்து, பைனாகுலரை எடுத்து, காவல் கோபுரத்தில் யார், அலாரம் எந்தக் கட்டடத்தில், காவலாளி எந்தப் பக்கம் திரும்பி நடக்கிறான் என்று பாருங்கள். எதிரிகளின் புத்தி மந்தம்தான். அலாரம் அடித்தால் பாரக்ஸிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பதும் எரிச்சல்தான். ஆனால் சேவ் இல்லாத பயம் ஒவ்வொரு அடியையும் எண்ணி வைக்கச் செய்கிறது. இப்போதைய கேம்களில் அந்தப் பயம் எனக்குக் கிடைப்பதில்லை.

சி.எஸ். என்று எல்லோரும் சொல்கிற கவுன்டர் ஸ்ட்ரைக் வேறு ரகம். வியட்நாமில் பிறந்து கனடாவில் வளர்ந்த மின் லீ, கல்லூரி மாணவராக இருந்தபோது ஜெஸ் கிளிஃப் என்ற நண்பரோடு சேர்ந்து, 1998-இல் வந்த ஹாஃப் லைஃப் கேமை மாற்றி 1999-இல் செய்தது. வால்வ் நிறுவனம் அதை வாங்கி 2000-இல் கடைகளுக்குக் கொண்டுவந்தது. நம் பையன்கள் ஆடிய 1.6 பதிப்பு 2003-இல் முடிவான வடிவம் பெற்றது.

சி.எஸ்.ஸில் செத்தால் அந்த ரவுண்டு முடியும்வரை எழ முடியாது. இந்த ஒரு விதிதான் அதைத் தெரு விளையாட்டாக மாற்றியது. செத்தவன் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டான்; எழுந்து வந்து, உயிரோடு இருப்பவன் நாற்காலிக்குப் பின்னால் நிற்பான். ஐந்துக்கு ஐந்து மேட்ச் கடைசியில் ஒருவனுக்கு மூவர் என்று ஆகும்போது, அந்த ஒருவன் முதுகுக்குப் பின்னால் ஆறேழு பேர் மூச்சு விடாமல் நிற்பார்கள்.

"ண்ணா, டனல்! டனல்ல நிக்கறான்!"

"டேய், செத்தவன் வாயைத் தொறக்கக்கூடாதுடா. வெளிய போ."

எல்லா சென்டரிலும் எழுதாத சட்டம் அது. செத்தவனுக்குத் தெரிந்தது உயிரோடு இருப்பவனுக்குத் தெரியக்கூடாது. எதிரி எங்கே என்பதை அவன் தன் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஓடினால் காலடிச் சத்தம் கேட்கும், ஷிஃப்ட் அழுத்தி நடந்தால் கேட்காது. இரும்பில் ஓடினால் ஒரு சத்தம், மண்ணில் ஓடினால் வேறு சத்தம். எதிரணி வைத்த பாமை டிஃபியூஸ் செய்ய, அதாவது செயலிழக்க வைக்க, ஆரம்பிக்கும்போதும் சத்தம் வரும். இதை வைத்தே ஆடுகிற தந்திரம் ஒன்று உண்டு. பாம் துடித்துக்கொண்டிருக்கிறது, கடைசி எதிரி எங்கோ ஒளிந்திருக்கிறான். டிஃபியூஸைத் தொட்டு உடனே விட்டுவிட்டுத் துப்பாக்கியை உயர்த்துவார்கள். சத்தத்தை நம்பி அவன் தலையை நீட்டுவான். யூடியூபில் பழைய 1.6 மேட்ச்களைப் பார்க்கும்போது இந்த நொடிக்காகக் காத்திருங்கள்.

கேமுக்குள் ஆயுதம் வாங்கும் காசுக் கணக்கையும் கவனிக்க வேண்டும். முதல் ரவுண்டில் கையில் 800 டாலர். கவசம் 650, டெசர்ட் ஈகிள் பிஸ்டலும் 650. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும். ஏகே 2500, ஒரே குண்டில் ஆளைச் சாய்க்கும் ஏ.டபிள்யூ.பி. ஸ்னைப்பர் 4750. செத்தால் துப்பாக்கி போய்விடும், பிழைத்தால் அடுத்த ரவுண்டுக்கும் இருக்கும். அதனால் ஜெயிக்க வழியில்லாத ரவுண்டில் ஸ்னைப்பரோடு ஒருவன் மூலையில் பதுங்கினால் அதைக் கோழைத்தனம் என்று எண்ணாதீர்கள். டீமின் 4750 டாலரை அவன் காப்பாற்றுகிறான். ஐந்து பேரும் பேசிவைத்து ஒரு ரவுண்டு எதுவும் வாங்காமல் வெறும் பிஸ்டலோடு போய், காசு சேர்த்து அடுத்த ரவுண்டில் திருப்பி அடிப்பதும் உண்டு. அடுத்த ரவுண்டை மனதில் வைத்து இந்த ரவுண்டை விட்டுக்கொடுப்பதைப் பார்க்கத் தெரிந்துவிட்டால், துப்பாக்கிச் சண்டைக்குப் பின்னால் நடக்கிற ஆட்டம் புரியும்.

சுடும் முறை டூமுக்கு நேர் எதிர். சி.எஸ்.ஸில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு எங்கோ போகும். நிற்க வேண்டும். ஏகே-யின் முதல் குண்டுகள் குறியில் போகும், பிறகு துப்பாக்கி மேலே எகிறும். புதியவன் பட்டனை அமுக்கிப் பிடித்துக் கூரையைச் சுடுவான்; பழகியவன் இரண்டு, மூன்று குண்டோடு விரலை எடுப்பான். எதிரியின் கண்ணைக் கூசவைக்கும் ஃப்ளாஷ் குண்டைத்தான் நான் மிகவும் ரசிப்பேன். கேரமில் கைதேர்ந்த வடசென்னைக்கு இது உடனே பிடிபட்டது: காய்க்கு நேர்வழி இல்லாதபோது ஸ்ட்ரைக்கரைக் கட்டையில் தட்டி ரீபவுண்டில் எடுப்பதுபோல, ஃப்ளாஷைச் சுவரில் மோதவிட்டு மூலைக்கு அந்தப் பக்கம் வெடிக்கச் செய்ய வேண்டும். எறிந்தவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவன் கண்ணும் வெள்ளையாகிவிடும்.

மேப்களில் டஸ்ட் 2-க்கு அடுத்து டிரெயினைச் சொல்வேன். சரக்கு வேகன்கள் வரிசையாக நிற்கும் யார்டு அது. அசால்ட் மேப்பில் ஒரு பெரிய கோடவுன். கொருக்குப்பேட்டை யார்டையும், எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் மைல் கணக்கில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளையும், தொழிற்சாலைக் காம்பவுண்டு சுவர்களையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, வேகனுக்கு அடியில் குனிந்து மறுபக்கம் யார் கால் தெரிகிறது என்று பார்க்க யாரும் சொல்லித்தரவில்லை. வெளிநாட்டில் யாரோ கற்பனையாகக் கட்டிய இடங்களில் நம் பையன்கள் முதல் நாளே புழங்கியதற்கு, இந்த மண்ணின் அமைப்பும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிரவுசிங் சென்டர்கள் மெல்ல மூடிக்கொண்டிருந்த காலத்தில் இன்னொன்று நடந்தது. 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் கைக்கு வந்த அந்த லேப்டாப்களில் புதிய கேம்கள் திணறும். 1990-களின் இன்ஜினில் ஓடும் சி.எஸ். தாராளமாக ஓடும், ஐ.ஜி.ஐ.யும் ஓடும். பென்டிரைவில் கைமாறி, வகுப்பு வகுப்பாகப் பரவியது. அண்ணன் ஆடிய அதே டஸ்ட் 2-ஐத் தம்பியும் கற்றுக்கொண்டான். குறைந்த வசதியுள்ள கம்ப்யூட்டரிலும் ஓடுவது என்பது பெரிய கலைக்குணமாகத் தெரியாது. ஆனால் அது இல்லாவிட்டால் இந்த ஊரில் ஒரு தலைமுறைக்கு இந்த ரசனையே வாய்த்திருக்காது.

தனியாக ஆடுபவர்கள் ஹாஃப் லைஃபைத் தவறவிடக் கூடாது. தொடக்கத்தில் சில நிமிடங்கள் ஒரு டிராம் வண்டியில் வெறுமனே போய்க்கொண்டிருப்பீர்கள். அவசரப்படாமல் இரண்டு பக்கமும் பாருங்கள். பிறகு பாழாகப்போகிற ஆய்வுக்கூடத்தை அந்தப் பயணம் வேலை நாள் நிலையில் காட்டுகிறது. நடுவில் பிளாஸ்ட் பிட் என்ற அத்தியாயம் வரும். ஆழமான குழிக்குள்ளிருந்து மூன்று ராட்சசக் கைகள் நீண்டிருக்கும். அவற்றுக்குக் கண் கிடையாது, சத்தம்தான் எல்லாம். குனிந்து மெல்ல நடக்கலாம், அல்லது கையெறி குண்டைத் தூரமாக வீசி அவற்றின் கவனத்தை அங்கே திருப்பலாம். கையில் எத்தனை துப்பாக்கி இருந்தாலும் அங்கே உதவாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இவை ரத்தம் தெறிக்கும் கேம்கள். டூமுக்கும் ஹாஃப் லைஃபுக்கும் அமெரிக்கத் தரச்சான்று 17 வயதுக்கு மேல் என்றே சொல்கிறது, அதை மதியுங்கள். ஆடுகிற வயதில் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மேட்ச் பாருங்கள். "இப்ப ஏன் சுடாம நின்ன?" என்று கேளுங்கள். பதில் நீளமாக வரும்.

வீட்டில் ஆடிப்பார்க்க இரண்டு பழைய லேப்டாப்பும் ஒரு போன் ஹாட்ஸ்பாட்டும் போதும். சி.எஸ். 1.6 ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் இன்றும் விற்கிறது. ஒருவர் நியூ கேம் போட்டு டஸ்ட் 2-ஐ எடுக்கட்டும். மற்றவர் சர்வர் பட்டியலில் லேன் பக்கத்தில் அவரைத் தேடிச் சேரலாம். இருவருமே ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்பீக்கரில் ஆடினால் காலடி எந்தப் பக்கம் என்று தெரியாது. முதல் சில ரவுண்டுகள் சண்டையே வேண்டாம், கத்தியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மேப் முழுக்க நடந்து பாருங்கள். நான்கு பேர் சேர்ந்துவிட்டால், நம் குண்டு நம் ஆளையும் தாக்கும் ஃப்ரெண்ட்லி ஃபயரை ஆன் செய்துவிடுங்கள். இருட்டு டனலில் எதிரே வருவது நம் ஆளா என்று பார்த்த பிறகுதான் விரல் பட்டனுக்குப் போகும்.