செட்டிபாளையத்து வளைவுகள்

கொங்கு நாட்டுக்கு வேகம் புதிதல்ல. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ரேக்ளாவில் காங்கேயம் காளைகள் 200 மீட்டரையோ 300 மீட்டரையோ நேர்கோட்டில் பாய்ந்து முடிக்கும். ஓடுபாதையில் திருப்பமே இருக்காது. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில், 2003-இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே இதற்கு நேர்மாறு. சுற்று முழுவதும் ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர்தான், அதற்குள் வளைவுக்கு மேல் வளைவு. வண்டியை நிமிர்த்தி ஓட்டக் கிடைக்கும் நேர்ப்பாதை கொஞ்சம். இங்கே வெற்றியும் தோல்வியும் திருப்பங்களிலேயே தீர்மானமாகின்றன.

ஆகவே இந்தத் தடத்தில் பந்தயம் பார்க்கப் போகிறவர், கொடி அசையும் இடத்தை விட்டுவிட்டு ஏதாவது ஒரு வளைவு நன்றாகத் தெரியும் இடத்தைப் பிடிப்பது நல்லது. கலை அங்கேதான் நடக்கிறது.

டயரின் பிடிமானத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் எவ்வளவு வேகமாகத் திரும்பலாம் என்பதை, வண்டி போடும் வில்லின் ஆரம் முடிவு செய்கிறது. ஆரம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காகும். 10 மீட்டர் அகலப் பாதையில் ஒரு செங்கோணத் திருப்பம், அதன் உள்விளிம்பின் ஆரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாதையின் நடுவிலேயே திரும்புகிறவருக்கு ஆரம் 20 மீட்டர். வண்டியின் எடைக்குச் சமமான பக்கவாட்டுப் பிடிமானம் டயருக்கு இருந்தால், அவர் மணிக்கு 50 கிலோமீட்டரில் திரும்பலாம். இன்னொருவர் வெளிவிளிம்பிலிருந்து கிளம்பி, நடுவில் உள்விளிம்பை உரசி, மறுபடி வெளிவிளிம்பு வரை விரிகிறார். அவருடைய வில்லின் ஆரம் கிட்டத்தட்ட 49 மீட்டர். வேகம் 79 கிலோமீட்டர். அதே பாதை, அதே டயர், அதே எஞ்சின். பாதையின் அகலத்தைப் பயன்படுத்தியதுதான் வித்தியாசம்.

ஆனால் எப்போதும் பெரிய வில்லையே போட வேண்டும் என்று விதி எழுதிவிட முடியாது. அதே அளவுகளோடு, வந்த திசைக்கே திரும்பிப் போகும் கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொண்டால், எவ்வளவு விரித்துப் போட்டாலும் ஆரம் 25 மீட்டரைத் தாண்டாது. வேகம் 50-லிருந்து 56 ஆகும், அவ்வளவே. அங்கே கெட்டிக்கார ஓட்டுநர் வேறு வழி தேடுவார். ஆழமாக உள்ளே போய், நன்றாக வேகத்தைக் குறைத்து, சிறிய ஆரத்தில் வண்டியின் மூக்கைச் சட்டென்று திருப்பி, உள்விளிம்பைத் தாமதமாகத் தொடுவார். முதல் பாதியில் நேரம் போகும். ஆனால் வெளியேறும் பாதை ஏறக்குறைய நேராகிவிடும். மற்றவர்கள் இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே இவர் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்திருப்பார். அடுத்து வரும் நேர்ப்பாதை நீளமாக இருந்தால் இழந்ததை வட்டியோடு மீட்டுவிடலாம். இரண்டு வளைவுகள் ஒட்டி வந்தால் முதல் வளைவையே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். எதை இழப்பது என்று தெரிந்து இழப்பதுதான் இந்தக் கலையில் மிகவும் ரசிக்க வேண்டிய இடம்.

இதே ஆரக் கணக்கு பனிச்சறுக்கிலும் உண்டு; அங்கே ஆரம் காலுக்குக் கீழேயே செதுக்கப்பட்டிருக்கிறது. ஜயன்ட் ஸ்லாலம் என்ற சறுக்குப் பந்தயத்தில் பயன்படும் ஸ்கீ பலகையின் பக்க விளிம்பு லேசாக உள்வாங்கியிருக்கும். அந்த வளைவின் ஆரத்தை மீட்டரில் குறிப்பார்கள். காயங்களைக் குறைக்க, ஆண்களுக்கான குறைந்தபட்ச ஆரத்தை சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2012-13 பருவத்தில் 27 மீட்டரிலிருந்து 35 ஆக்கியது. கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் டெட் லிகெட்டி. அந்தப் பருவத்தின் முதல் பந்தயத்தை, ஆஸ்திரியாவின் சோல்டனில், 2.75 நொடி இடைவெளியில் வென்றவரும் அவர்தான். திருப்பத்தைச் சீக்கிரமே தொடங்கி, பனியோடு உடல் ஒட்டுமளவு சாய்ந்து, மற்றவர்கள் சறுக்கித் திருப்பிய இடங்களை அவர் சீராக வெட்டிக்கொண்டு போனார். 2017-18 பருவத்தில் அளவு 30 மீட்டராகக் குறைந்தது. ஸ்கீ வீரருக்குக் கருவி ஓர் ஆரத்தைக் கொடுத்துவிடுகிறது; அதை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது அவர் கையில். கார் ஓட்டுநரோ ஒவ்வொரு திருப்பத்திலும் ஆரத்தையே புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்தத் தேர்வில் எஞ்சினுக்கும் பங்குண்டு. வலுவான எஞ்சின் இருந்தால் வேகத்தைக் கொன்று, திருப்பி, மீண்டும் எழுப்பலாம். சின்ன எஞ்சினுக்கு அது கட்டுப்படியாகாது. வளைவில் தொலைத்த மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தை மீட்க அடுத்த நேர்ப்பாதை முழுவதும் தேவைப்படலாம். அப்படிப்பட்ட வண்டிக்கு நீண்ட, வழுவழுப்பான வில்தான் சோறு போடும்.

இங்கேதான் எஸ். கரிவர்தனின் பங்களிப்பு தெரிகிறது. பந்தயம் பெரிய பணக்காரர்களின் பொழுதுபோக்காக இருந்த காலத்தில், 1980களின் பிற்பகுதியில், மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் ‘ஃபார்முலா மாருதி’ என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கியவர் அந்தக் கோவைத் தொழிலதிபர். செலவைக் குறைக்கத்தான் சிறிய எஞ்சின். ஆனால் அது இளம் ஓட்டுநர்களுக்கு வளைவைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாராகவும் ஆனது. சக்தியை நம்பித் தப்பிக்க அந்தக் காரில் வழியில்லை. 1995-இல் நடந்த சிறு விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத் தடம் தாங்கியிருப்பது அவர் பெயரைத்தான். 2005-இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் களமிறங்கிய முதல் இந்தியரான கோவையின் நரேன் கார்த்திகேயனும் ஃபார்முலா மாருதியில் தொடங்கியவர்தான்.

இன்று அதே தடத்தில் ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 கார்கள் எல்லாம் ஒரே வார்ப்பு. ரசிகருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டியதில்லை. ஒரே வளைவில் பத்துப் பதினைந்து கார்கள் வரிசையாக நுழையும்போது யார் சீக்கிரம் திருப்புகிறார், யாருடைய முன்சக்கரம் உள்விளிம்பைத் தொடாமல் ஒரு மீட்டரை வீணாக்குகிறது, யார் வெளியேறும்போது பாதையின் கடைசி அங்குலம் வரை போகிறார் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டாலும் பாதி தெரியும். நல்ல வில் போட்டவரின் எஞ்சின், மிதித்த பிறகு ஒரே மூச்சில் ஏறும். அவசரப்பட்டுத் திருப்பியவர் நடுவில் காலை எடுக்க நேரும்; சத்தம் ஒரு கணம் இறங்கி மறுபடி ஏறும். அந்தச் சின்ன இறக்கத்தை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால், அடுத்த சுற்றில் யார் முந்தப்படுவார் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம்.

மழை வந்துவிட்டால் கணக்கெல்லாம் மாறும். உலர்ந்த நாட்களில் எல்லோரும் போய்ப் போய் ரப்பர் படிந்த அந்த நல்ல பாதைதான் ஈரத்தில் அதிகம் வழுக்கும். அப்போது தேர்ந்தவர்கள் வழக்கமான வில்லைக் கைவிட்டு, ரப்பர் படியாத சொரசொரப்பைத் தேடி வளைவின் வெளிப்பக்கமாகவே சுற்றி வருவார்கள். தூரம் கூடும், உள்விளிம்பு கார் அகலத்துக்கும் மேல் தள்ளி நிற்கும். சுற்று நேரம் மட்டும் குறையும்.