தனிப்பயணமும் துணை தேடலும்: தமிழ்நாட்டு வழக்கும் இலங்கை வழக்கும்

கூச்சம் மிகுந்த ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ தமக்கேற்ற வாழ்க்கைத் துணையை எவ்வாறு கண்டடைகிறார் என்னும் கேள்வி தனிமனித இயல்பு சார்ந்ததாகத் தோன்றினாலும், அதற்கான வழிகளைப் பெரும்பாலும் அவர் பிறந்து வளர்ந்த சமூகமே வகுத்து வைத்திருக்கிறது. அறிமுகமில்லாதவரிடம் முதலில் பேச்சுக் கொடுக்கவும், தன் விருப்பத்தைத் தன் வாயாலேயே வெளியிடவும் தயங்கும் இயல்பே இங்குக் கூச்சம் எனக் கொள்ளப்படுகிறது. குடும்பத்தாரோ உறவினரோ உடன் வராமல், ஓய்வுக்காகவோ வேலைக்காகவோ வழிபாட்டுக்காகவோ திருமணத்தின் பொருட்டோ மேற்கொள்ளப்படுவது தனிப்பயணம். இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் தமிழ்நாட்டுத் தமிழரும் இலங்கைத் தமிழரும் வெவ்வேறு வழக்கங்களை உருவாக்கியிருக்கின்றனர். தமிழ்நாட்டில் தனிப்பயணம் துணை தேடும் ஏற்பாட்டுக்கு வெளியே, அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் விடுப்பாக அமைந்திருக்க, இலங்கையில், குறிப்பாக வடக்கில், உள்நாட்டுப் போரும் புலப்பெயர்வும் அதனைத் திருமணத்தின் ஓர் உறுப்பாகவே ஆக்கிவிட்டன என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

பொதுவான மரபு

இரு நிலத்தாருக்கும் பொதுவான அகப்பொருள் மரபு, காதலரின் தயக்கத்தை வெகு காலத்துக்கு முன்பே கணக்கில் எடுத்துக்கொண்டது. தொல்காப்பியம், பிறர் அறியாத காதலைக் களவு என்றும், ஊரறிய வாழும் மணவாழ்வைக் கற்பு என்றும் பிரித்து இரண்டுக்கும் தனித்தனி இயல்கள் வகுத்தது. களவிலேயே தலைவனுக்குப் பாங்கனும் தலைவிக்குத் தோழியும் துணை நின்று, நேரில் சொல்ல முடியாததைத் தம் வாய்வழியே கொண்டுசேர்ப்பதாகக் காட்டியது. திருமணத்துக்கு வேண்டிய பொருளை ஈட்டத் தலைவன் தனியே ஊர் நீங்குவதும், வீட்டார் இசையாதபோது தலைவி அவனுடன் புறப்பட்டுச் செல்லும் உடன்போக்கும் அம்மரபில் தனித் துறைகளாயின. ஆகவே, தூது செல்வோரும் பயணமும் துணை தேடலின் இரு கருவிகள் என்னும் எண்ணம் தமிழருக்குப் புதியதன்று.

சமய மரபில் இதற்கு நிகரானது வள்ளி திருமணக் கதை. நாரதர் சொல்லக் கேட்டுத் தனியே புறப்பட்ட முருகன், வேடனாகவும் வேங்கை மரமாகவும் முதியவராகவும் உருமாறித் தினைப்புனத்தில் நின்று, கடைசியில் யானை வடிவில் வந்த விநாயகரின் உதவியால் வள்ளியை அடைந்ததாகக் கந்தபுராணம் கூறுகிறது. தமிழ்நாட்டில் இக்கதை வேலூர் மாவட்டத்து வள்ளிமலையோடும், இலங்கையில் கதிர்காமத்தோடும் இணைத்துச் சொல்லப்படுகிறது. கதிர்காமத்தின் ஆடித் திருவிழாவில், துணியால் மூடப்பட்ட யந்திரப் பேழை யானை மீது வைக்கப்பட்டு, முருகன் கோயிலிலிருந்து வள்ளியம்மன் கோயிலுக்கு இரவுதோறும் கொண்டுசெல்லப்படுகிறது. காதலியின் இருப்பிடம் நோக்கிய பயணமே அங்கு விழாவின் மையம். யாழ்ப்பாணத்தின் பண்பாட்டையே கந்தபுராண கலாசாரம் எனப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை குறித்த அளவுக்கு, புராண படனம் எனப்படும் கோயில் வாசிப்பின் வழி இக்கதை அங்கு வேரூன்றியது.

தமிழ்நாடு: தேடலுக்கு வெளியே நிற்கும் பயணம்

தமிழ்நாட்டில் வரன் பார்த்தல் எனப்படும் ஏற்பாடு, கூச்சமுடையவரின் சுமையைப் பெரிதும் குடும்பத்தின் தோளுக்கு மாற்றுகிறது. முன்பு முறைப்பெண், முறைமாப்பிள்ளை என உறவுக்குள்ளேயே துணை நிச்சயிக்கப்பட்டதால் அறிமுகம் என்னும் சிக்கலே எழாத குடும்பங்கள் பல இருந்தன. உறவுக்கு வெளியே பார்க்கத் தொடங்கியபோது தரகரும், நாளிதழ்களின் மணமகள் தேவை, மணமகன் தேவை விளம்பரங்களும், சாதிச் சங்கங்கள் நடத்தும் சுயம்வர நிகழ்ச்சிகளும் பாங்கனின் இடத்தை எடுத்துக்கொண்டன. சாதகப் பொருத்தம் கூடிய பின்னர் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குச் செல்வது பெண் பார்க்கும் படலம். சொஜ்ஜியும் பஜ்ஜியும் பரிமாறப்பட்டு, பெண் காபித் தட்டுடன் வந்து வணங்கிச் சென்றதும், இந்தக் காலத்துப் பிள்ளைகள் இரண்டு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்று பெரியவர் ஒருவர் சொல்ல, இருவரும் மொட்டைமாடிக்கோ பக்கத்து அறைக்கோ அனுப்பப்படுவது அண்மைக் காலத்தில் இதனோடு சேர்ந்த வழக்கம். எங்கே வேலை, சமையல் தெரியுமா, வெளியூர் வர விருப்பமா என்ற அளவில் முடிந்துவிடும் அப்பேச்சில் கூச்சமுடையவர் தடுமாறினாலும், அத்தடுமாற்றத்தை அடக்கம் என்று நற்குணக் கணக்கில் எழுதிக்கொள்ளும் வழக்கம் பெண் வகையில் இன்றும் உண்டு; ஆண் அவ்வாறு தடுமாறினால் அது சாமர்த்தியக் குறைவாகக் கொள்ளப்படுவதும் உண்டு.

இந்த ஏற்பாட்டுக்குள் தனியே பயணம் செய்ய இடமளிப்பது பெரும்பாலும் பரிகாரத் தலங்களே. மயிலாடுதுறை மாவட்டத்துத் திருமணஞ்சேரி உத்வாகநாதர் கோயிலிலும், சென்னையை அடுத்த திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாள் கோயிலிலும் திருமணம் தடைப்படுவோர் மாலை சாத்தி வழிபட்டு, பிரசாதமாகத் திரும்பப் பெறும் மாலையை வீட்டில் பாதுகாத்து, மணமான பின் துணையோடு வந்து நேர்த்தியை நிறைவேற்றுகின்றனர். இங்கும் வழிபடுவோர் துணையைத் தேடிப் போகவில்லை; துணை தேடும் பொறுப்பைத் தெய்வத்திடம் ஒப்படைத்து வீடு திரும்புகின்றனர்.

இணையவழி மணத்தளங்கள் இந்நிலையை ஓரளவு மாற்றின. 1997இல் அமெரிக்காவில் பணியாற்றிய முருகவேல் ஜானகிராமன், தமிழர்க்கென நடத்திய இணையதளத்தின் ஒரு பகுதியாகத் தொடங்கிய மணச்சேவையே பின்னர் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்தது. இத்தளங்களில் கூச்சமுடையவர் பேசாமலே அறிமுகமாக முடிகிறது. ஆயினும் தன்னைப் பற்றித் தானே எழுதும் சில வரிகள் அவருக்குப் புதியதொரு சுமையாவதால், அவ்வரிகளையும் பெற்றோரோ உடன்பிறந்தோரோ எழுதித் தருவது பரவலான வழக்கமாயிற்று. ஊர் தொலைவு என்னும் தடையை வென்ற தொழில்நுட்பம், தூது செல்வோரை முற்றாக நீக்கிவிடவில்லை.

ஓய்வுக்கான தனிப்பயணம் இதற்கு இணையாக, ஆனால் தனி வழியில் வளர்ந்தது. சென்னையிலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் சென்று, 1908இல் உதகமண்டலம் வரை நீட்டிக்கப்பட்ட மலை ரயிலில் ஏறுவதும், கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலிலோ புதுச்சேரியிலோ பலர் ஓரறையில் தங்கும் விடுதிகளில் படுக்கை பிடிப்பதும் வேலைக்குச் செல்லும் இளைஞரிடையே இயல்பாகிவிட்டன. 2021 மே மாதம் முதல் அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு வழங்கப்பட்ட கட்டணமில்லாப் பயணமும், பணிபுரியும் பெண்களுக்கென அரசு நடத்தும் தோழி விடுதிகளும் பெண்கள் தனியே நடமாடுவதை அன்றாட நிகழ்வாக்க உதவின. எனினும், வீட்டில் வரன் பேச்சு நெருக்கும்போது அதிலிருந்து சில நாள் விலகி நிற்கவே பலர் இப்பயணங்களை மேற்கொள்கின்றனர்; வழியில் காதல் அரும்பினால் அது ஏற்பாட்டுக்குப் புறம்பான நிகழ்ச்சியாகவே வீட்டாருக்குத் தெரிவிக்கப்படுகிறது.

இலங்கை: தேடலின் உறுப்பாகிய பயணம்

யாழ்ப்பாணத்திலும் குறிப்பு எனப்படும் சாதகம், பொருத்தம், கலியாணத் தரகர் ஆகிய அனைத்தும் உண்டு. ஆனால் பெண் பார்க்கும் முறை வேறுபட்டது. மாப்பிள்ளை வீட்டார் நேராகப் பெண் வீட்டுக்கு வந்து, பின்னர் மறுத்துவிட்டால் பெண்ணுக்குப் பழி வரும் என்னும் அச்சத்தால், கோயிலில் தற்செயலாகக் காண்பது போலக் காட்டும் வழக்கம் அங்குச் செல்வாக்குப் பெற்றது. இருபத்தைந்து நாள் நடைபெறும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா இதற்கு ஏற்ற களம். வெளிநாட்டில் வாழ்வோர் ஊர் திரும்பும் காலமும் அதுவே என்பதால், தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தொலைவிலிருந்து பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் இரு தரப்பிலும் முகம் கெடாமல் விலகிக்கொள்ள முடிகிறது. பேசவே தேவையில்லாத இந்த ஏற்பாடு, மொட்டைமாடிப் பேச்சைக் காட்டிலும் கூச்சமுடையவருக்கு இசைவானது என்று கொள்ளலாம்.

மட்டக்களப்பில் தாய்வழி வரும் குடி என்னும் பிரிவு திருமணத்தை ஒழுங்குபடுத்துகிறது. ஒரே குடியைச் சேர்ந்தோர் மணப்பதில்லை. வீடு பெண்ணுக்கே உரியது என்பதால், மணமான ஆண் தன் வீட்டை விட்டு மனைவியின் வீட்டுக்குச் செல்கிறான். தமிழ்நாட்டில் புகுந்த வீடு செல்லும் மணமகளுக்குரிய பயணம் அங்கு மணமகனுக்கு உரியதாகிறது.

போர் இவ்வழக்கங்களின் மீது புதியதோர் அடுக்கை ஏற்றியது. 1983க்குப் பின் கனடாவிலும் ஐரோப்பாவிலும் அகதிகளாகக் குடியேறிய இளைஞர் பலர் ஊர் திரும்ப இயலாதவராயினர்; அகதிகளுக்கு வழங்கப்படும் பயண ஆவணம் பொதுவாகச் சொந்த நாட்டுக்குச் செல்ல இடந்தராதது. ஆகவே மணப்பெண் வடக்கிலிருந்து சோதனைச் சாவடிகளைக் கடந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தை போன்ற இடங்களில் தங்கியிருந்து, அங்கிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ பயணமாக, மணமகன் தான் குடியேறிய நாட்டிலிருந்து அங்கு வந்துசேர, தொலைபேசியிலும் புகைப்படத்திலும் மட்டும் அறிமுகமான இருவர் வாடகை மண்டபத்தில் மணம் புரிந்துகொண்டனர். இலங்கைத் தமிழரின் துணை தேடலில் தமிழ்நாடு இவ்வாறு நடுவழி நிலமாகப் பங்கேற்றது. மணமகன் தான் குடியேறிய நாட்டுக்குத் திரும்பிய பின், ஸ்பொன்சர் எனப்படும் அழைப்பு விண்ணப்பம் ஏற்கப்படும்வரை காத்திருந்த பெண், கடைசியில் தனியே விமானமேறினாள்.

இத்திருமணங்களை ஆராய்ந்த மானுடவியலாளர் சிதார்த்தன் மௌனகுரு, 2019இல் வெளிவந்த தம் நூலில், தரகர்களும் திருமண ஆல்பங்களும் இதில் வகித்த இடத்தை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். தாலி கட்டுதல், கூறை மாற்றுதல், உறவினர் ஆசி கூறுதல், பதிவேட்டில் கையொப்பமிடுதல் என வரிசையாக அடுக்கப்படும் ஆல்பம் குடும்ப நினைவாக மட்டுமன்றி, இது உண்மைத் திருமணமே என விசா அதிகாரியை நம்பவைக்கும் சான்றாகவும் ஆயிற்று. வெட்கப்பட்டுத் தலைகுனிந்து நிற்பதையே மணப்பெண்ணுக்கு அழகெனக் கற்பித்த சமூகம், அதே பெண் நெருக்கத்தைப் படத்தில் காட்டவும், கணவரைப் பற்றிய கேள்விகளுக்கு அதிகாரியின் முன் தயங்காமல் விடையளிக்கவும் வேண்டிய நிலையைச் சந்தித்தது.

சட்டம் காட்டும் வேறுபாடு

இவ்வேறுபாட்டைப் பதிவுத் திருமணத்தின் இடமும் உறுதிசெய்கிறது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். ஆனால் அது சடங்குக்குப் பின் வருவது. தாமே துணை தேடிக்கொண்டு சமயச் சடங்கின்றி மணக்க விரும்பும் இந்துக்களுக்கு 1967இல் சுயமரியாதைத் திருமணச் சட்டத்திருத்தம் வழி திறந்தது. மதம் கடந்து மணப்போர்க்கு 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் உண்டெனினும், அது கோரும் முப்பது நாள் அறிவிப்பு அலுவலகத்தில் பொதுப் பார்வைக்கு ஒட்டப்படுவதால், ஊரார் கண்ணுக்கு அஞ்சுவோரை அது தயங்கவைக்கிறது. யாழ்ப்பாணத்திலோ எழுத்து எனப்படும் பதிவு, பதிவாளரை வீட்டுக்கே அழைத்து, தாலி கட்டும் நாளுக்குப் பல மாதங்கள் முன்னரே முடிக்கப்படுவது உண்டு. இதனால் வெளிநாட்டு விண்ணப்பத்தை உடனே தொடங்க முடிகிறது. சட்டப்படி கணவன் மனைவியாகிவிட்ட இருவர், கூச்சம் தெளிந்து பழகிக்கொள்ள ஊர் ஏற்கும் ஓர் இடைக்காலமும் கிடைக்கிறது. பொருள் வகையில், இந்தியா 1961இல் வரதட்சணையைச் சட்டத்தால் தடைசெய்தது. வட இலங்கைத் தமிழர்க்குரிய தேசவழமைச் சட்டமோ சீதனத்தைப் பெண்ணின் சொத்தாக ஏற்கிறது. எனினும் டொனேசன் என்ற பெயரில் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தரப்படும் ரொக்கம் அந்தச் சீதனத்தின் வேறானது. நடைமுறையில் இரு நாட்டிலும் பெண் வீட்டாரின் சுமை குறையவில்லை.

நெருங்கிவரும் வழக்கங்கள்

2009இல் போர் முடிந்து, 2014இல் யாழ்தேவி ரயில் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்த பின், ஓய்வுக்கான தனிப்பயணம் இலங்கைத் தமிழ் இளைஞரின் வாழ்விலும் இடம்பெறத் தொடங்கியது. கண்டியிலிருந்து எல்லவுக்குச் செல்லும் மலையக ரயிலும், பொத்துவிலை அடுத்த அறுகம் குடாவும், மார்கழிப் பூரணை தொடங்கி வைகாசி வரை மக்கள் ஏறும் சிவனொளிபாதமலையும் அவர்களின் திட்டங்களில் சேர்கின்றன. 2019இல் தொடங்கிய சென்னை–யாழ்ப்பாணம் விமான சேவையும், 2023இல் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் சேவையும் இடையிடையே தடைப்பட்டபோதிலும், இரு கரையினரும் தனியே சென்றுவர வழி அமைத்தன.

எனினும் இருபுறமும் ஒரு சமமின்மை நிலைக்கிறது. சம்பந்தம் பேசுமுன் இரு நாட்டிலும் நடைபெறும் விசாரிப்பில், ஆண் தனியே நான்கு இடம் சுற்றியது அனுபவமாகவும், பெண் அவ்வாறு சென்றது விளக்கம் கேட்கத்தக்க செய்தியாகவும் எடைபோடப்படுகின்றன. கணவனிடம் சேர்வதற்காக ஒரு பெண் கண்டம் விட்டுக் கண்டம் தனியே சென்றதை ஏற்ற அதே சமூகம், தன் மகிழ்ச்சிக்காக அவள் எல்லவரை தனியே செல்வதை ஐயத்தோடு பார்க்குமாயின், ஆட்சேபம் தனிமையைப் பற்றியதன்று, பயணத்தின் நோக்கத்தைத் தீர்மானித்தவர் யார் என்பதைப் பற்றியதே என்பது தெளிவாகிறது.

இவ்வொப்பீடு கூச்சமுடைய இளையோரைப் பற்றிய ஒரு பொது நம்பிக்கையையும் திருத்துகிறது. தனியே பயணம் செய்தால் கூச்சம் அகன்று காதல் கைகூடும் என்று பரவலாகக் கருதப்பட்டாலும், இரு நாட்டு அனுபவமும் காட்டுவது வேறு. தமிழ்நாட்டில் பயணம் சென்றவர், திரும்பி வந்து அதே வரன் பார்க்கும் ஏற்பாட்டுக்குள்ளேயே தம் துணையைப் பெரும்பாலும் காண்கிறார். இலங்கையில் துணையை நோக்கியே பயணம் செய்தவர், தாம் தேர்ந்ததைக் காட்டிலும் பிறர் தேர்ந்ததை நம்பியே புறப்பட்டார். இரு வழக்கிலும் கூச்சமுடையவருக்குக் கைகொடுப்பது அவர் கடக்கும் தொலைவன்று, அவர் சார்பில் பேச வல்ல, ஆனால் அவர் விருப்பத்தைக் கேட்டறிந்து பேசுகிற ஓர் இடையாளே ஆவார். அகப்பொருள் மரபின் தோழி தலைவியின் மனமறிந்தே பேசினாள் என்பதால், இன்றைய தரகரையும் மணத்தளத்தையும் பெற்றோரையும் அந்த அளவுகோலாலேயே மதிப்பிடுவது தகும்.