தன்னம்பிக்கை: நூல்கள் சொல்வதும் நாம் கண்டதும்

தன்னம்பிக்கையைப் போதிக்கும் நூல்கள் இந்நாளில் மலிந்து கிடக்கின்றன. பட்டணத்துப் புத்தகக் கடைகளில் அவற்றுக்கெனத் தனி அலமாரியே உண்டு. நம் வாலிபர்களும் அவற்றை ஆவலோடு வாங்கிப் படிக்கின்றனர். ஆங்கிலத்தில் வந்தவற்றையும் தமிழில் வந்தவற்றையும் நாமும் பல்லாண்டுகளாகப் படித்து வந்துள்ளோம். சோர்ந்து கிடப்பவனைத் தட்டியெழுப்பும் நூலை நாம் வெறுப்பானேன்? ஆயினும், அந்நூல்களுட் பெரும்பாலானவற்றில் மூன்று பிழைகள் ஊடுருவி நிற்கின்றன. அவற்றை வெளிப்படையாகச் சொல்லுவது நம் கடமையெனக் கருதுகின்றோம்.

முதற் பிழை, நம்பிக்கை முன்னே வரும், செயல் பின்னே வரும் என்பது. இக்கொள்கையைப் பரப்பியவர்களுள் பெயர் பெற்றவர் பிரான்சு தேசத்து எமில் கூவே (1857–1926) என்னும் மருந்துக் கடைக்காரர். தான் நாளுக்கு நாள் நலமடைந்து வருவதாகக் காலையும் இரவும் இருபது முறை தனக்குத் தானே சொல்லிக்கொள்ளல் வேண்டும் என்பதே அவர் போதனை. மந்திரத்தை உருவேற்றினால் மழை பெய்யுமென்று நம்பியவனை நாம் நகைத்தோம். அதே மந்திரம் ஐரோப்பிய உடை தரித்து வந்தவுடன் விஞ்ஞானமென்று கைகூப்பலாமோ?

2009ஆம் ஆண்டில் கனடா தேசத்து மனநூலார் சிலர் இதனைச் சோதித்து ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். தம்மைத் தாழ்வாக எண்ணியிருந்தோர் தம்மைப் புகழும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, அங்ஙனம் சொல்லாத அத்தகையோரினும் அவர் மனநிலை தாழ்ந்திருந்ததென்று அவ்வுரை கூறிற்று. ஓர் ஆய்வைக் கொண்டு முடிவு கட்டுதல் தகாது. எனினும், வாய் சொல்வதை உள்ளம் மறுக்குமாயின் அம்மறுப்பே வலுப்பெறும் என்பது நம் அநுபவத்திற்கும் ஒத்ததே.

அங்ஙனமாயின் நம்பிக்கை எங்கிருந்து பிறக்கும்? அமெரிக்கப் பேராசிரியர் ஆல்பர்ட் பந்தூரா 1977இல் இதற்கு நான்கு ஊற்றுகளைக் காட்டினார். தானே செய்து முடித்த செயல், தன்னையொத்தவர் செய்து முடிக்கக் காண்டல், பிறர் ஊக்கமொழி, உடலின் படபடப்பும் அமைதியும் என்பன அவை. இவற்றுள் வலியது முதலாவதே என்றார் அவர். ஊக்கமொழியோ அத்துணை வலியதன்று.

இதனை அறியப் பல்கலைக்கழகம் செல்ல வேண்டுவதில்லை. ரப்பர்த் தோட்டத்திற் பால் வெட்டியவரைக் கேட்டால் போதும். கத்தி மேலோடு சென்றால் பால் குறையும். ஆழச் சென்றால் மரம் காயம்பட்டுப் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். புதிதாகக் கத்தி பிடித்தவருடைய கை நடுங்கிற்று. ‘நான் வல்லவன்’ என்று சொன்னதால் அந்நடுக்கம் தீரவில்லை. பத்து மரம், நூறு மரம் என்று வெட்டி, பிழைத்துத் திருந்திய பின்னரே தீர்ந்தது. நடுங்குகின்ற கையோடு தொடங்குவதே முறை. நடுக்கம் தீரட்டுமென்று காத்திருப்பவன் என்றும் தொடங்கான்.

இரண்டாவது பிழை, ஆரவாரத்தையே தன்னம்பிக்கையெனக் கொள்வது. நம் மேடைப் பேச்சாளர் பலர் திருக்குறளில் ‘ஊக்கமுடைமை’யை மட்டும் எடுத்து முழங்குகின்றனர். அது 60ஆம் அதிகாரம். அதற்கு முன்னரே, 48ஆம் அதிகாரமாக ‘வலியறிதல்’ நிற்கின்றது. அதனை அவர்கள் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று எச்சரிப்பது அவ்வதிகாரம். எடுத்த வேலையின் பாரத்தையும் தன் ஆற்றலையும் எதிரியின் ஆற்றலையும் உடன் நிற்பவர் ஆற்றலையும் நிறுத்துப் பார்த்துச் செயலில் இறங்கச் சொல்லுகின்றார் வள்ளுவர். தன்னை அளந்தறியாதவனிடம் உள்ளது துணிச்சலாகலாம், தன்னம்பிக்கையாகாது. தெரியாததைத் தெரியாதென்று கூசாமற் கூறி, கற்றுக்கொள்ள முன்வருபவனே தன்னம்பிக்கையுடையவன்.

வள்ளுவர் கணக்கில் உடன் நிற்பவர் ஆற்றலும் சேர்ந்திருத்தலைக் கவனிக்க. அதனை மறந்ததே மூன்றாவது பிழை. மூன்றிலும் கொடியது இதுவே. தாழ்ந்து நிற்பவனுடைய தாழ்வுக்கு அவன் மனமே காரணமென்று இந்நூல்கள் கூறுகின்றன. அவனைத் தாழ்த்தியவரைப்பற்றி வாய் திறப்பதில்லை.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தஞ் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு முதலியவற்றைக் கேட்ட அவர்கள் மற்றொன்றும் கேட்டனர்: துரைமாரும் ஆசியச் சிப்பந்திகளும் எதிர்ப்பட்டால் சைக்கிளைவிட்டு இறங்காமற் செல்லும் உரிமை! அவர்களுக்குத் தலைமை தாங்கிய பத்திரிகையாளர் ஆர். எச். நாதன் கைதாகி, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, தொழிலாளர் உயிர்களும் பலியாயின.

நாடோறும் சைக்கிளைவிட்டு இறங்கி நின்றவனுக்குத் தன்னம்பிக்கை இல்லையென்று எந்த நூலாசிரியர் குறை கூறுவார்? அவனுக்குக் குறைவாயிருந்தது மனவுறுதியன்று, மரியாதை. அவ்வுரிமையை அவன் தனியே அறையில் அமர்ந்து, கண்ணை மூடி, வாக்கியம் உருவேற்றிப் பெற முயலவில்லை. பலரோடு சேர்ந்து கேட்டான். அங்ஙனம் கேட்டதே அவன் நிமிர்ந்ததற்குச் சான்று.

அவன் இறங்கியது துரை முன்னிலையில் மட்டுமன்று. நம்மைப் போன்ற கிராணிமார் முன்னிலையிலும் இறங்கினான். அவ்வழக்கம் ஒழிந்தது. ஆனால் அதன் நிழல் முற்றும் ஒழிந்ததோ? நம் காரியாலயத்திற்குப் பாரம் நிரப்ப வருபவர் நாற்காலியிருந்தும் நின்றுகொண்டே பேசுவார். அவர் கையிலிருந்து தாளை வாங்கி, கால் மணி நேரத்தில் நாமே நிரப்பிக் கொடுத்தோம். அதனை உபகாரமென்றும் எண்ணியிருந்தோம். ஒருநாள் வேலை மிகுதியால், ஓர் அம்மையாரை உட்காரச் சொல்லி, “நீங்களே எழுதுங்கள் அம்மா, ஐயம் வந்தால் கேளுங்கள்” என்றோம். ஒரு மணி நேரம் எழுதினார். இரண்டு தாள் வீணாயின. அடுத்த முறை அவர் வந்தபோது பாரம் வீட்டிலேயே நிரப்பப்பட்டிருந்தது. அண்டை வீட்டுப் பெண்ணொருத்தியையும் உடனழைத்து வந்து, அவளுக்குத் தாமே சொல்லிக் கொடுத்தார். அத்தனை ஆண்டுகளாக நாம் செய்த உபகாரம் எத்தகையது என்பதை அன்றே உணர்ந்து நாணினோம்.

ஆதலின், நண்பர்களே, தன்னம்பிக்கை வேண்டுவோர் இன்று செய்யத்தக்க சிறு செயலொன்றைத் தேர்ந்து செய்க. பிழைத்தால் திருத்திச் செய்க. தம்மைப் போன்ற இருவரைச் சேர்த்துக்கொண்டு செய்க. நாற்காலியில் அமர்ந்திருக்கும் நம் போன்றோர்க்கோ, பிறருக்குத் தன்னம்பிக்கையைப் போதிக்குமுன் செய்யவேண்டிய வேலையொன்று உண்டு. எதிரில் நிற்பவரை உட்காரச் சொல்லி, பேனாவை அவர் கையிற் கொடுத்தலே அது.

— ஒரு தோட்டக் கிராணி